வீட்டில் போன்சாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடியில் போன்சாய் வைத்திருப்பது தெரிந்தால் போதும். சொந்தக்காரர், பக்கத்து வீட்டார், காலை நடையில் பழகியவர் என்று யாராவது ஒரு சந்தேகத்தோடு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதிலை இங்கே எழுதி வைக்கிறேன். சென்னை, திருச்சி, மதுரை போன்ற சமவெளி ஊர்களை மனதில் வைத்து எழுதியது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குச் சில இடங்களில் கணக்கு மாறும்.

போன்சாய் விதை எங்க கிடைக்கும்? ஆன்லைன்ல பாக்கெட்ல விக்கிறாங்களே?

போன்சாய் விதை என்று ஒன்று கிடையாது. போன்சாய் தனி ரகமும் இல்லை. சாலையோரம் நிற்கிற அதே ஆல், அதே புளிதான். ஆழமில்லாத தொட்டியில் வைத்து, கிளையையும் வேரையும் அவ்வப்போது வெட்டி, உருவம் கொடுத்து வளர்க்கிறோம். பாக்கெட்டில் வருவது ஏதோ ஒரு சாதாரண மரத்தின் விதை. பல சமயம் நம் ஊர் வெயிலுக்கு ஒத்தே வராத பைன், மேப்பிள் விதையாக இருக்கும்.

இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். மரத்தின் இயல்பு மாறவில்லை, மண்ணின் அளவுதான் குறைந்திருக்கிறது. கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி இதிலிருந்தே கிளம்புகின்றன.

முதல் செடியா எதை வாங்கலாம்? ஜூனிப்பர் அழகா இருக்கே?

அழகுதான். ஆனால் ஜூனிப்பர், மேப்பிள் எல்லாம் குளிரில் சில மாதம் ஓய்ந்து எழும் மரங்கள். நம் மார்கழிகூட அவற்றுக்குப் போதிய குளிர் இல்லை. ஓய்வே இல்லாமல் கொஞ்ச நாள் ஓடிவிட்டுக் காய்ந்துபோகும். ஊட்டியில் இருப்பவர்கள் தாராளமாக முயலலாம்.

சமவெளிக்கு ஃபைகஸ், அதாவது ஆல், அரசு, அத்தி எல்லாம் சேர்ந்த குடும்பம்தான் முதல் தேர்வு. நர்சரியில் ‘லாங் ஐலண்ட்’, ‘பாண்டா’ என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். இலை சிறியது, வெயில் தாங்கும், தப்பான இடத்தில் வெட்டிவிட்டாலும் மறுபடி துளிர்க்கும். அடுத்து காகிதப்பூ, ஜேட் (தடித்த சிறு இலைச் செடி), புளி, அடீனியம் (பாலைவன ரோஜா). அடீனியத்தைப் போன்சாய் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. அரச மரம் எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் இலை பெரிது, காம்பு நீளம். சின்ன மரத்தில் அளவு ஒத்து வராது, கொஞ்சம் உயரமாகவே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

‘போன்சாய்’ என்று அட்டை தொங்கவிட்டதை வாங்க அவசரப்படாதீர்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ பக்கத்து நர்சரியிலோ கவரில் இருக்கும் சாதாரணக் கன்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அடித்தண்டு தடித்து, கீழேயே கிளை விட்டிருப்பதைப் பொறுக்குங்கள். விலையில் பாதிகூட ஆகாது.

பாத்ரூம் பைப் ஓரமா ஆலங்கன்னு முளைச்சிருக்கு. அதை எடுத்து வளர்க்கலாமா?

நல்ல யோசனை, சுவருக்கும் நல்லது. காக்கையும் மைனாவும் பழம் தின்று எச்சமிட்ட இடத்தில் முளைப்பவை இவை. ஆல், அரசு, இச்சி எல்லாம் சுவர் விரிசலிலும் பனைமர இடுக்கிலும் கைப்பிடி மண் இல்லாமலே வேர்விடக்கூடியவை. இந்தக் குடும்பம் தட்டுத் தொட்டியில் சிரமமில்லாமல் நிற்பதற்கு அதுதான் காரணம்.

பிடுங்கும்போது வேர் முழுசாக வராது. முந்தின நாளே நன்றாக நனைத்துவிட்டு, காரையை உளியால் மெதுவாகத் தட்டி, கிடைத்த வேரோடு எடுங்கள். இலைகளில் பெரும்பகுதியை நீக்கிவிட்டுச் சாதாரணத் தொட்டியில் நட்டு நிழலில் வையுங்கள். மழைக்காலத்தில் எடுத்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். சுவரில் எடுப்பது வேறு, காட்டில் எடுப்பது வேறு. காப்புக்காட்டிலிருந்து செடியைப் பெயர்ப்பது வனச் சட்டப்படி குற்றம்.

ஹால்ல டீவி பக்கத்துல வைக்கலாம்னுதான் வாங்கினேன். வைக்கலாமா?

விருந்தாளி வரும் அன்றைக்கு வைக்கலாம். நிரந்தரமாக வைத்தால் மெதுவாகச் சாகும். நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிகிற ஹால் மரத்துக்கு இருட்டுதான். கணுக்களுக்கு நடுவே இடைவெளி கூடி, தளிர் மெலிந்து நீண்டு, இலை பெருத்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். அதற்கடுத்து இலை கொட்ட ஆரம்பிக்கும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு, தினமும் நாலைந்து மணி நேரமாவது வெயில் படும் பால்கனி போதும். அதுவும் இல்லையென்றால் வெயில் நேராக விழும் ஜன்னலோரத்தில் ஃபைகஸோ ஜேடோ சமாளிக்கும். ஏ.சி. காற்று நேராகப் படக் கூடாது. வெயிலே வராத வீடு என்றால் போன்சாய் வேண்டாம், மணி பிளாண்ட் வையுங்கள். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள், ஆனால் வேறு பதில் இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்தணும்?

எண்ணிக்கை வைத்துக்கொண்டு ஊற்றாதீர்கள், மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள். விரலை அரை அங்குலம் உள்ளே விட்டால் ஈரம் லேசாகத் தெரிகிறதா? கொஞ்சம் பொறுங்கள். காய ஆரம்பித்திருக்கிறதா? ஊற்றுங்கள். கொஞ்ச நாள் பழகினால் தொட்டியைத் தூக்கியே சொல்லிவிடலாம். தோராயமாகச் சொன்னால், சாதாரண நாளில் காலையில் ஒரு முறை, சித்திரை வைகாசியில் காலையும் மாலையும், மழை நாளில் பூஜ்யம். ஜேட் மட்டும் இந்தக் கணக்கில் வராது. அதன் தண்டிலும் இலையிலும் நீர் இருக்கிறது, மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

ஊற்றும் விதம் இன்னும் முக்கியம். பூவாளியால் மெதுவாக, கீழ் ஓட்டை வழியாக வழிகிற வரை ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி ஒரு முறை ஊற்றுங்கள். டம்ளரில் கொஞ்சம் தெளித்துவிட்டுப் போனால் மேல் மண் மட்டும் நனையும், அடிவேர் காய்ந்தே கிடக்கும். மண் ரொம்பக் காய்ந்துபோய்த் தண்ணீர் ஓரமாகவே ஓடுகிறதென்றால், தொட்டியோடு பக்கெட் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும் வரை வையுங்கள். ஆனால் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து அதில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், வேர் அழுகும்.

உச்சி வெயிலில் ஊற்றினால் வெந்துவிடும் என்று பயந்து, வாடிய மரத்தை மாலை வரை அப்படியே விடுபவர்கள் இருக்கிறார்கள். வாடியிருந்தால் உடனே ஊற்றுங்கள். மொட்டை மாடி குழாயிலும் ஹோஸிலும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் கொதிக்கும். அதை முதலில் திறந்து விட்டு, சூடு போன பிறகு மரத்துக்குப் பிடியுங்கள்.

எங்க வீட்டு போர் தண்ணி உப்பு. ஆர்.ஓ. தண்ணி, ஏ.சி. தண்ணி ஊத்தலாமா?

தொட்டி விளிம்பிலும் தண்டின் அடியிலும் வெள்ளையாகப் படிகிறதா? அது உப்புதான். தரையில் நிற்கும் மரத்துக்கு மழை வந்து உப்பைக் கழுவிவிடும். தொட்டியில் அந்த வேலையை நாம் செய்ய வேண்டும். முடிந்தபோது மழைநீர் பிடித்து வையுங்கள். மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி வழியவிடுங்கள். இலை ஓரம் பழுப்பாகக் கருகுவது பல வீடுகளில் இந்த உப்பால்தான். வெயிலால் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும், அது வேண்டாம். வடிகட்டிய நீர் நல்லது. ஏ.சி. தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. போர் தண்ணீரோடு கலந்து ஊற்றினால் இரண்டும் பயன்படும்.

தோட்டத்து மண்ணையே போட்டா என்ன?

ஆழமான தொட்டியில் ஓரளவு ஓடும். தட்டுத் தொட்டியில் ஓடாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை முழுக்க நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி தண்ணீர் சொட்டும். மண்ணும் அப்படித்தான். உயரமான தொட்டியில் தன் எடையால் இறங்கிவிடும் நீர், ஆழம் குறைந்த தட்டில் இறங்காமல் நிற்கும். நைசான மண் என்றால் அடியில் சேறாகி வேருக்குக் காற்றே போகாது. அடியில் கூழாங்கல் அடுக்கினாலும் இது மாறாது, கல்லுக்கு மேலே நீர் நிற்கும். ஓட்டைக்கு மேல் ஒரு வலைத்துண்டு போதும்.

அதனால் பருக்கையான கலவை வேண்டும். உடைத்துச் சலித்த செங்கல் இரண்டு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. இது நான் போடும் கலவை. செங்கலும் மணலும் 2 முதல் 5 மி.மீ. பருமன் இருக்கட்டும். சலித்த தூளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதைச் சேர்த்தால் சலித்ததே வீண். ஜப்பானிலிருந்து வரும் அகடாமா மண்ணின் விலைக்கு நம் செங்கல் சூளைக் கழிவு எவ்வளவோ மேல். தென்னை நார்க்கழிவை அதிகம் சேர்த்தால் ஈரம் காயாது. வாரக்கடைசியில் மட்டும் செடியைப் பார்ப்பவர்களுக்கு அது கொஞ்சம் உதவும்.

வாங்கிட்டு வந்த பத்து நாள்ல இலையெல்லாம் கொட்டிருச்சு. செத்துப்போச்சா?

ஃபைகஸ் இடம் மாறினால் இலை கொட்டும். நர்சரி வெயிலிலிருந்து உங்கள் ஹாலுக்கு வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். சின்னக் கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் இன்னும் கீழே, அடித்தண்டு வரை சுரண்டிப் பாருங்கள். அங்கும் பச்சை இல்லையென்றால்தான் முடிந்தது.

பச்சை இருந்தால் வெளிச்சமான ஓர் இடத்தில் வைத்து அங்கேயே விட்டுவிடுங்கள். இலை இல்லாத மரம் குறைவாகத்தான் நீர் குடிக்கும், பாவம் பார்த்துக் கூடுதலாக ஊற்றினால் வேர் அழுகும். உரம், தொட்டி மாற்றம் இரண்டும் இப்போது கூடாது. மூன்று நாலு வாரத்தில் துளிர்க்கும். இன்னொன்று, கடையில் வாங்கும் குண்டு வேர் ஃபைகஸ்களில் மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அதை வீட்டுக்கு வந்ததுமே பெயர்த்துப் போடுங்கள். தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்றே தெரியாமல் செய்துவிடும்.

உரம் போட்டா பெருசா வளர்ந்துடாதா?

போன்சாயைச் சின்னதாக வைத்திருப்பது கத்திரி, பட்டினி இல்லை. கைப்பிடி மண்ணில் இருக்கும் சத்து, தினமும் வழிய வழிய ஊற்றும் தண்ணீரோடு வெளியேறிவிடுகிறது. அதனால் இவற்றுக்கு உரம் அடிக்கடி வேண்டும், ஆனால் கொஞ்சமாக. என்.பி.கே. 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள) உரத்தை லிட்டருக்கு 1 கிராம் கரைத்து 15 நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். இயற்கை வழி என்றால் கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். நாற்றம் பலமாக இருக்கும், அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

காய்ந்த மண்ணில் உரநீர் ஊற்றாதீர்கள், முதலில் வெறும் தண்ணீர். நோயில் இருக்கும் மரத்துக்கும், தொட்டி மாற்றி ஒரு மாதம் ஆகாத மரத்துக்கும் உரம் வேண்டாம்.

எங்க வெட்டணும்? வெட்டினா பால் கொட்டுதே?

தளிரை ஆறேழு இலை வரை ஓடவிட்டு, இரண்டு மூன்று இலைக்குக் குறைத்து வெட்டுங்கள். மிஞ்சியிருக்கும் கடைசி இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அடுத்த கிளை போகும். அதைப் பார்த்து வெட்டினால் கம்பி கட்டும் வேலையே பாதி குறையும். மரத்தின் வேகம் எப்போதும் உச்சியில் இருக்கும். மேலே கடுமையாகவும், கீழ்க் கிளைகளில் இரக்கத்தோடும் வெட்ட வேண்டும். பலர் கைக்கு எட்டுகிற கீழ்ப் பகுதியை மொட்டையடித்துவிட்டு உச்சியை விட்டுவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் மேலே குடை விரித்து, கீழ்க் கிளை நிழலில் காய்ந்துவிடும். காகிதப்பூவை ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் வெட்டுங்கள், புதுத் தளிரில்தான் அடுத்த பூ வரும்.

ஃபைகஸ் பாலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஈரத்துணியால் ஒற்றினால் நின்றுவிடும். சிலருக்குக் கையில் அரிக்கும், கழுவிக்கொள்ளுங்கள். அடீனியம் பால் மட்டும் நஞ்சு. கண்ணில், வாயில் படாமல் பார்த்துக்கொண்டு, குழந்தைகளையும் நாய் பூனையையும் தள்ளி வைத்துவிட்டு வெட்டுங்கள். கருவி என்று ஆரம்பத்தில் எதுவும் வாங்க வேண்டாம், கூரான கவாத்துக் கத்திரி ஒன்று போதும்.

கம்பி சுத்தினா அப்படியே எவ்வளவு நாள் விடணும்?

நாள் கணக்கு கிடையாது, பட்டையில் பதிய ஆரம்பிக்கும் முன் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஃபைகஸ் வேகமாகத் தடிக்கும். ஆறு வாரத்திலேயே கம்பி பட்டைக்குள் போய்விடலாம், அந்த வடு ஆற வருஷங்கள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கிளையையும் கிட்டத்தில் பாருங்கள். எடுத்த பிறகு கிளை பழைய இடத்துக்கே திரும்பினால் மறுபடி கட்டினால் போயிற்று.

அலுமினியக் கம்பி வாங்குங்கள். கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் இருந்தால் வளைந்து நிற்கும். 45 பாகைச் சாய்வில், இறுக்காமல் ஒட்டினாற்போலச் சுற்ற வேண்டும். எடுக்கும்போது திருப்பிச் சுற்றி எடுத்தால் கிளை முறியும், துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். முந்தின நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் கிளை கொஞ்சம் தளர்ந்து வளைய ஒத்துக்கொள்ளும்.

தொட்டி மாத்தும்போது வேரை வெட்டணுமாமே? சாகாதா?

ஆரோக்கியமான மரம் சாகாது, வெட்டாமல் விட்டால்தான் சிக்கல். வேர் சுற்றிச் சுற்றித் தொட்டியை நிரப்பி, மண்ணுக்கும் காற்றுக்கும் இடமில்லாமல் செய்துவிடும். ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்பதும், ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்ப்பதும் மாற்ற வேண்டிய அடையாளம். இளம் ஃபைகஸுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, வயதானதற்கு இன்னும் தாமதமாக.

காலம் முக்கியம். மாசியில் செய்யலாம், அல்லது வெயில் தணிந்த ஆடியில். கத்திரி வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் தொடாதீர்கள். வெளியே எடுத்து, வேரைக் குச்சியால் கோதிவிட்டு, ஓரத்திலும் அடியிலுமாக மூன்றில் ஒரு பங்கு வரை வெட்டலாம். தடித்த வேரைக் குறைத்து, மெல்லிய வேரை முடிந்தவரை விடுங்கள். மேலேயும் அதற்கேற்ப இலையைக் குறையுங்கள். மரத்தைத் தொட்டியோடு சேர்த்து, அடி ஓட்டை வழியாகக் கம்பி கோத்துக் கட்டிவிடுங்கள். ஆடிக் காற்றில் மரம் ஆடினால் புதுவேர் பிடிக்காது. மூங்கில் குச்சியால் குத்திக் குத்தி மண்ணை இடுக்கெல்லாம் இறக்கி, நன்றாகத் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று வாரம் நிழலில் வையுங்கள்.

மூணு வருஷமா அழகா தட்டுல வச்சிருக்கேன். தண்டு குண்டாகவே மாட்டேங்குதே?

தட்டில் வைத்ததால்தான். தண்டு தடிக்க இலை வேண்டும், வேர் ஓட இடம் வேண்டும். தட்டுத் தொட்டி என்பது முடித்த மரத்துக்கான இடம். அவசரப்பட்டு அதில் ஏற்றினால், அன்றைக்கு இருந்த தடிமனிலேயே ஏறக்குறைய நிற்கும்.

பெரிய தொட்டியிலோ தரையிலோ இரண்டு மூன்று வருஷம் விட்டுவிடுங்கள். அடியில் ஒரு கிளையை வெட்டாமல் இஷ்டத்துக்கு நீள விட்டால், அந்த இடத்துக்குக் கீழே தண்டு நன்றாகத் தடிக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கிளையை வெட்டிவிடலாம். பார்க்கக் கண்ணராவியாக இருக்கும் அந்த வருஷங்களைப் பொறுத்துக்கொள்வதுதான் போன்சாயில் நிஜமான கஷ்டம் என்பேன். தண்ணீரும் உரமும் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்கு, எறும்பும் ஏறுது.

மாவுப்பூச்சி. அது சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, கிளைக்குக் கிளை கொண்டுபோய் விடும். ஆகவே எறும்பையும் சேர்த்தே தடுக்க வேண்டும். நாலைந்து பூச்சி என்றால் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுங்கள். நிறைய இருந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று தடவை.

ஃபைகஸ் இலை இரண்டாக மடிந்து, பிரித்தால் உள்ளே கறுப்பாகப் பொடிப்பூச்சி நெளிகிறதென்றால் அது இலைப்பேன். மருந்து உள்ளே போகாது. மடிந்த இலைகளைக் கிள்ளிப் பையில் போட்டு முடிச்சிட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள்.

புளியங்கன்னு ராத்திரியானா இலையை மூடிக்குது. தண்ணி பத்தலையா?

தூங்குகிறது. காலையில் விரித்துவிடும். பகலிலும் மூடியே இருந்தால் மட்டும் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

கத்திரி வெயிலுக்கும் மழைக்கும் என்ன செய்றது?

வெயிலில் இலையைவிட வேருக்குத்தான் ஆபத்து. கான்கிரீட் தளத்தில் நேராக வைத்த தொட்டி அடியிலிருந்தும் சூடாகும், கறுப்பு பிளாஸ்டிக் இன்னும் மோசம். செங்கல் மேலோ மர பெஞ்சு மேலோ தூக்கி வையுங்கள். மே மாதம் முழுக்க 50 சதவீத நிழல் வலை கட்டுங்கள். மேற்குப் பார்த்த சுவரோரம் வேண்டாம், வெயில் இறங்கிய பிறகும் சுவர் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியின் ஒரு பக்கம் ஓட்டுத் துண்டு வைத்துச் சாய்த்துவிட்டால் தண்ணீர் சீக்கிரம் வடியும். புயல் செய்தி வந்ததும் கைப்பிடிச் சுவர் மேலிருக்கும் தொட்டிகளையெல்லாம் கீழே இறக்குங்கள். மரத்துக்காக மட்டுமில்லை, கீழே நடந்து போகிறவர்களுக்காகவும்.

பத்து நாள் ஊருக்குப் போறோம். என்ன பண்ணலாம்?

யாரையாவது தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ‘வழிகிற வரை ஊற்றுங்கள்’ என்று செய்து காட்டிவிட்டுப் போங்கள். ஆளே இல்லையென்றால் பெரிய தாம்பாளத்திலோ டப்பிலோ ஈர மணல் நிரப்பி, தொட்டிகளைப் பாதி புதைத்து, நிழலுக்கு நகர்த்தி, நீண்ட தளிர்களை வெட்டிவிட்டுப் போகலாம். மழை மாதங்களில் பத்து நாள் தாங்கும். மே மாதத்தில் நான் இதை நம்பிப் போக மாட்டேன். சொட்டுநீர்க் குழாயும் டைமரும் போடுவது நல்ல வழி, ஆனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஓடவிட்டுப் பாருங்கள். ஜேடைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

வீட்ல போன்சாய் இருந்தா வளர்ச்சி குறுகிடுமாமே? அரச மரம் வைக்கவே கூடாதாமே?

அரசும் ஆலும் வீட்டோரம் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதில் காரணம் இருக்கிறது. வேர் அஸ்திவாரத்தைப் பிளந்துவிடும். தட்டில் இருக்கும் மரத்துக்கு அந்தப் பயம் பொருந்தாது. வளர்ச்சி குறுகும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் வீட்டில் ஒருவர் அதை நினைத்துத் தினமும் மனம் சங்கடப்படுகிறார் என்றால், வாக்குவாதம் செய்து ஜெயிப்பதைவிட அரசை விட்டுவிட்டுக் காகிதப்பூவை வைப்பது சுலபம். பூக்கிற செடியைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை.

மரத்தைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை பண்றதுதானே இது?

வேலிச்செடியை மாதம் ஒருமுறை வெட்டுகிறோம், மல்லிகையைக் கவாத்து செய்கிறோம். செய்யும் வேலை அதேதான். ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் போன்சாய் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும், நம்மைவிட நீண்ட நாள் வாழும். கம்பி பட்டையில் பதிந்து, வெயில் இல்லாமல், சேற்று மண்ணில் நிற்கும் மரத்தைப் பார்த்துக் கேட்டால் மட்டும் ஆமாம் என்பேன். கடை வாசலில் அப்படி நிற்பவை நிறைய.

கடைக்காரர் இது 25 வயசு மரம்ங்கிறார். நம்பலாமா?

பெரும்பாலும் நம்பாதீர்கள். ஃபைகஸ் சில வருஷத்திலேயே தடித்துவிடும், வயதானது போல ஏமாற்றும். வயதைக் கேட்டு விலை கொடுக்காமல், அடிவேர் நாலு பக்கமும் பரவியிருக்கிறதா, தண்டு அடி பருத்து நுனி குறுகிப் போகிறதா, பெரிய வெட்டுக் காயம் மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

நிஜமாகவே வயதான மரங்களுக்கு எழுதி வைத்த கதை இருக்கும். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்வது. 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் யமாகி குடும்பத்தாரின் தோட்டத்துச் சுவருக்குப் பின்னால் நின்று தப்பியது. 1976-ல் மசாரு யமாகி அதை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார். குண்டிலிருந்து தப்பிய மரம் என்பது 2001-ல் அவருடைய பேரன்கள் வந்து பார்த்தபோதுதான் அங்கிருந்தவர்களுக்கே தெரிந்தது.

இலையெல்லாம் உருவிட்டா சின்ன இலையா வருமாமே?

வரும், மரம் திடமாக இருந்தால். வளரும் பருவத்தில், காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் கத்தரிக்க வேண்டும். உருவினால் காம்படி மொட்டு பிய்ந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். அந்த வருஷம் தொட்டி மாற்றிய மரம், இலை கொட்டித் தேறிவரும் மரம், ஜேட் இவற்றில் செய்யக் கூடாது. நல்ல வெயிலும் அடிக்கடி கிள்ளுவதுமே பாதி வேலையைச் செய்துவிடும். இலைதான் சிறுக்கும், பூவும் காயும் சிறுக்காது. எலுமிச்சைப் போன்சாயில் காய்க்கும் பழம் முழு அளவில் கிளையை வளைத்துக்கொண்டு தொங்கும்.

ஆலுக்கு விழுது வரவே இல்லையே?

காற்றில் ஈரம் வேண்டும், இலையும் நிறைய வேண்டும். அடிக்கடி ஒட்ட வெட்டும் மரத்தில் விழுது வராது. மழைக்காலத்தில் கொஞ்சம் அடர விட்டு, தினம் இரண்டு முறை தண்ணீர் தெளியுங்கள். நூல் போல எட்டிப் பார்த்ததும், நீளவாக்கில் கீறிய ஸ்ட்ராவை அதன்மேல் மாட்டி மண் வரை இறக்கிவிடுங்கள். உள்ளே ஈரம் நிற்கும், விழுது காயாமல் இறங்கும். மண்ணைத் தொட்டதும் வேகமாகத் தடிக்கும். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989-ல் சாய்ந்தும் மரம் இன்றும் நிற்பது விழுதுகளால்தான். தட்டில் நிற்கும் ஆலுக்கும் அதே பழக்கம் இருக்கிறது.

இனி பார்த்துக்க முடியல. தரையில நட்டுடலாமா?

நடலாம். முதல் பதிலில் சொன்னபடி அது சாதாரண மரம்தான், சில வருஷத்தில் தன் உயரத்துக்குப் போய்விடும். கம்பிகளை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, சுற்றிய வேரைப் பிரித்துவிட்டு, மழை தொடங்கும்போது நடுங்கள். ஃபைகஸ் என்றால் வீட்டுச் சுவர், கிணறு, கழிவுநீர்க் குழாய் இவற்றிலிருந்து நன்றாகத் தள்ளி. இடம் இல்லையென்றால் மாடித்தோட்டம் வைத்திருக்கும் தெரிந்தவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது கடைசியாக எப்போது தொட்டி மாற்றினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.